நளினியின் நீல வெளிச்சம்

சுகுமாரனுக்கு எதன் மேல் பொறாமை என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு வெளிச்சத்தின் மேல். லூனாஸ் ஊரில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவன் வேலை பார்த்த கம்பெனி. சின்னச் செயற்கைக்கோள்களை மின்சாரத்தால் தள்ளும் எஞ்சினை அங்கே நளினி செய்தாள். அது எப்போது ஓடலாம், எப்போது நிற்க வேண்டும் என்று கட்டளை போடும் மென்பொருளை அவன் எழுதினான். காற்று நீக்கிய சோதனைத் தொட்டிக்குள் எஞ்சின் ஓடும்போது நீலமாக ஒளி வரும். வருகிறவன் போகிறவன் எல்லாம் நளினியைப் பக்கத்தில் நிறுத்தி அதைப் படம் எடுத்துக்கொண்டான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தை எவன் படம் எடுப்பான்? பெற்ற தாயே பேப்பரில் வந்த நளினியின் படத்தைக் காட்டி, "இந்தப் புள்ள உன் கூடத்தான் வேல பாக்குதா?" என்று வாயைப் பிளந்தாள். அன்று முழுக்க அவனுக்கு வயிறு எரிந்தது.

இப்போது எஞ்சின் விண்ணில் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே அது ஓடினால்தான் கம்பெனிக்கு அடுத்த ஆர்டர். முதல் ஓட்டத்துக்கு முந்தைய நாள் நளினி அவன் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, மொத தடவ கரண்டு கொஞ்சம் கூடுதலா இழுக்கும். உள்ள பீங்கான்ல ஈரம் ஒட்டியிருக்கும்ல, அது போற வரைக்கும்தான். கட் ஆவுற லிமிட்ட ஏத்தி வெச்சிடுங்களேன்."

அவள் சொன்னது சரி. தொட்டியில் ஒவ்வொரு புது எஞ்சினுக்கும் அவன் அப்படித்தான் ஏற்றிவைத்திருக்கிறான். ஆனால் அதை அவள் வாயிலிருந்து கேட்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

"மேல போனத வெச்சி வெளையாட முடியாதுலா. லிமிட்டுன்னா லிமிட்டுதான்."

மென்பொருளில் கடைசி வார்த்தை அவனுடையது. அவள் இன்னொரு முறை கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை முதலாளி அபூபக்கரும் கோலாலம்பூரிலிருந்து வந்த வாடிக்கையாளரும் திரையின் முன் நின்றார்கள். கட்டளை போனது. எஞ்சின் ஓடத் தொடங்கியது, மின்னோட்டம் எகிறியது, சுகுமாரனின் மென்பொருள் அதைப் பட்டென்று அணைத்துவிட்டது.

எல்லாரும் நளினியைப் பார்த்தார்கள். சுகுமாரனுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

"என்னாச்சி நளினி?" என்றார் அபூபக்கர்.

அவள் சுகுமாரனைப் பார்த்தாள். போட்டு உடைக்கப்போகிறாள் என்று அவன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"கரண்டு ஏறிடுச்சி பாஸ். அண்ணன் சாஃப்ட்வேர் டக்குன்னு கட் பண்ணிடுச்சி. எஞ்சினுக்கு ஒன்னும் ஆகல, சாயங்காலம் திரும்பப் போடலாம்."

அவ்வளவுதான். வாடிக்கையாளர் பாய்ந்து வந்து சுகுமாரனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எஞ்சினக் காப்பாத்துனது நீங்கதானா!" என்று கறுப்புத் திரையின் முன்னால் அவனை நிறுத்திப் படமும் எடுத்தார். சுகுமாரன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். வேறு என்ன செய்வான்?

அவர்கள் தேத்தண்ணி குடிக்க இறங்கியதும் நளினி வந்தாள்.

"இப்பவாச்சும் ஏத்திடுங்கண்ணே."

"நீ ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"எல்லாரும் இருக்கறப்ப சொன்னா ஒங்களுக்கு அசிங்கம்லா."

அவள் சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பான். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாள். சுகுமாரன் லிமிட்டை ஏற்றினான்.

சாயங்காலம் எஞ்சின் ஓடியது, நிற்காமல் ஓடியது. "சுகு, எல்லாம் ஒன்னாலதான்லா!" என்று அபூபக்கர் அவனைக் கட்டிப்பிடித்தார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அவன் சொல்லவில்லை. நளினி எல்லாரையும் விடச் சத்தமாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள், முகத்தில் கபடமே இல்லை. இன்னொருத்தருக்காக இப்படிச் சந்தோஷப்பட இவளுக்கு மட்டும் எப்படி முடிகிறது என்று நினைத்தபோது, அவனுக்கு அவள் மேல் முன்னைவிடப் பொறாமையாக இருந்தது.