மேகமாக இருக்கும்

இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் சிக்கிக்கொண்டது.

"தலைப்பக்கம் கொஞ்சம் தூக்குங்க சார். அப்படியே சுவரோரமா. கால் பக்கம் எறக்குங்க, எறக்குங்க" என்று ஆம்புலன்ஸ்காரர் வழி சொன்னார். கால் பக்கம் பிடித்திருந்தவன் சின்னவன். வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். நாற்பது வயதாகித் தலை பாதி நரைத்த பிறகும் அக்காவுக்கு அவன் சின்னவன்தான்.

போன வருஷம் இதே படியில் அவளுக்கு வாஷிங் மெஷின் ஏற்றிக் கொடுத்தான். அதுவும் இந்தத் திருப்பத்தில்தான் சிக்கியது. "சுவத்த இடிச்சுடாதடா, ஹவுஸ் ஓனர் என்னை இடிச்சுடுவாரு" என்று மேலே நின்று சிரித்தாள். இப்போது போர்வை விலகி அவள் கால் தெரிந்தது. கெண்டைக்காலைச் சுற்றி ஒரு கயிற்றுத் தடம். காட்டுக்குள் போகும்போது அட்டை ஏறாமலிருக்க முழங்கால்வரை துணி உறை மாட்டி இறுக்கிக் கட்டிக்கொள்வாள். உறையை ஆஸ்பத்திரியில் கழற்றிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். தடம் மட்டும் மறையவில்லை. ஒரு கையால் போர்வையை இழுத்துவிடப் பார்த்தான். ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கம் சாய்ந்தது.

"ரெண்டு கையாலயும் பிடிங்க சார்!"

பிடித்தான்.

கூடத்தில் சோபாவையும் மேசையையும் சுவரோரம் தள்ளி இடம் செய்திருந்தார்கள். குளிர்பெட்டிக்குள் அவளைக் கிடத்தியதும் அக்காவின் கணவர் கண்ணாடி மூடியைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் அவர். கரும்பலகை துடைப்பது போலவே மேலிருந்து கீழாக, ஓர் இடம் விடாமல் துடைத்தார். முடித்ததும் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மேலிருந்து ஆரம்பித்தார்.

சின்னவனுக்கு இன்னும் அழுகை வரவில்லை. நேற்று மத்தியானம் அவர் போன் செய்தபோது அவன் கடையில் மோட்டார் காயில் சுற்றிக்கொண்டிருந்தான். "ஃபீல்டுக்குப் போன எடத்துல மரம் விழுந்துடுச்சு மாப்ள. உங்க அக்கா போயிட்டா." அவ்வளவுதான் சொன்னார். சின்னவன் "சரிங்க மாமா" என்று சொல்லி போனை வைத்துவிட்டு, விட்ட சுற்றிலிருந்து மறுபடி கம்பியைச் சுற்ற ஆரம்பித்தான். மோட்டார் வாங்க வந்திருந்தவர்தான் அவன் முகத்தைப் பார்த்துப் பயந்து கையைப் பிடித்து நிறுத்தினார். விடிகாலை பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தான். எந்தக் காடு, எந்த மரம் என்று அவன் கேட்கவில்லை. அவளுக்குத்தான் ஊர்ப்பட்ட காடு இருக்கிறதே.

அக்காவின் வேலையே அதுதான். ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, வானத்திலிருந்து எடுத்த படங்களை வருஷ வாரியாக வைத்துப் பார்ப்பாள். போன வருஷம் பச்சையாக இருந்த இடம் இந்த வருஷம் காடாக இருக்கிறதா, தோட்டமாகிவிட்டதா, வெறும் தரையா என்று கணக்கெடுப்பாள். காடு போன இடமெல்லாம் திரையில் சிவப்பாகக் காட்டும். ஆனால் படம் சொல்வதை அப்படியே நம்பிவிட மாட்டாள். சில சமயம் மேகத்தின் நிழல் விழுந்தாலும் சிவப்பு காட்டும். அதனால் நூறு புள்ளிகளைக் குலுக்கிப் போட்டு எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரில் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். "ஆபீஸ்ல உக்காந்து காட்ட எண்ணுறவங்க நாங்க. கால்ல சேறு படலன்னா அந்தக் கணக்கு செல்லாது" என்பாள்.

பதினோரு மணிவாக்கில் ஜீப் டிரைவர் வந்தார். நேற்று முழுக்க அவரை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்களாம். கூடவே அக்காவிடம் வேலை பார்க்கும் பெண்ணும் வந்தாள். அழுதழுது அவள் கண் இமைகள் தடித்திருந்தன. டிரைவர் உள்ளே வந்து பெட்டியைப் பார்த்தார். உடனே வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டார். வருகிறவர்களெல்லாம் அவரிடம்தான் கேட்டார்கள். அவரும் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். ஒரு சொல் மாறவில்லை.

"மேடம் உள்ள போயிட்டு ஒரு தடவ திரும்பி வந்தாங்க சார். தண்ணி குடிச்சாங்க. மறுபடி போனாங்க. கால் மணி நேரம் இருக்கும். மடமடன்னு ஒரு சத்தம்."

சின்னவன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை சொன்னபோது கேட்டவர், "காட்டுல மரம் விழுறது சகஜம்தான?" என்றார்.

"காடு எங்க சார் இருந்துச்சு? எல்லாத்தையும் வழிச்சுப் போட்டிருந்தாங்க. எல்லையோரம் ஒரே ஒரு மரம், அடியில வெட்டி, சாயாம பக்கத்துக் காட்டு மரத்துல மாட்டிக்கிட்டு நின்னிருக்கு. அதுதான்." டிரைவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அதுவும் யாரோட எடம்னு நெனைக்கிறீங்க? மேடமோட சொந்த எடம் சார். ஆத்தோரம், அவங்க தம்பி பேர்ல இருக்காம்ல, ஆறு ஏக்கர்."

சின்னவன் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டான். வராந்தாவில் டிரைவரின் வாய் மட்டும் அசைந்தது. ஒன்றும் காதில் விழவில்லை.

ஆற்றோர ஆறு ஏக்கர். இரண்டு பெரிய காடுகளுக்கு நடுவே கிடக்கும் துண்டு. அந்தப் பக்கத்து மிருகம் இந்தப் பக்கம் வர வேறு வழி கிடையாது என்று அக்கா சொல்வாள். பூர்வீகச் சொத்தில் தன் பாதியையும் அவன் பேருக்கே எழுதிக் கொடுத்தபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மரத்துல மட்டும் கை வைக்காதடா."

பன்னிரண்டு வருஷம் வைக்கவில்லை. போன மாதம் வைத்தான். எண்ணெய்ப்பனை போட ஒரு கம்பெனி குத்தகைக்குக் கேட்டது. வெட்டிச் சுத்தம் செய்து கொடுத்தால் போதும் என்றார்கள். காண்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டான். கன்றை நட்டு முடித்துவிட்டு அக்காவிடம் சொல்லலாம், நாலு நாள் திட்டுவாள், அப்புறம் சரியாகிவிடும் என்று நினைத்தான்.

போன வாரம் அவள் போன் செய்தாள். "டேய் சின்னவனே, குலுக்கிப் போட்டதுல நம்ம எடத்துலயே ஒரு புள்ளி விழுந்திருக்குடா. படத்துல செவப்பா காட்டுது. ஒண்ணும் வெட்டலையே?"

"நான் எதுக்குக்கா வெட்டப் போறேன்?"

"அதான பாத்தேன். மேகமா இருக்கும்."

அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் வாஷிங் மெஷின் சத்தம் போடுகிறது, அடுத்த தடவை வரும்போது பார் என்றாள்.

அக்காவிடம் வேலை பார்க்கும் பெண் அவனருகில் வந்து நின்றாள். "நீங்கதான சார் தம்பி? நான்தான் மேடம்கிட்ட சொன்னேன், படம் தெளிவா இருக்கு, போக வேணாம், வெட்டுன எடம்னே எழுதிடலாம்னு. அவங்க கேக்கல. 'என் தம்பி சொல்லிட்டான், அங்க மரம் இருக்கு. படம்தான் தப்பு. நேர்ல போய் நிரூபிச்சுட்டு வரேன் பாரு'ன்னு சிரிச்சாங்க." அவள் குரல் உடைந்தது. "உங்களுக்கே தெரியாம எவனோ வெட்டிட்டான் சார்."

வராந்தாவில் இதற்குள் நாலாவது ஆள் வந்து கேட்டிருந்தார். டிரைவர் மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை அவரையறியாமல் ஒரு வரி கூட வந்தது.

"தண்ணி குடிக்க வந்தப்ப மேடம் முகமே சரியில்ல சார். 'இத எப்படிப்பா என் தம்பிகிட்ட சொல்றது? அவன் தாங்கமாட்டான்'னாங்க. 'அவன் புகார் குடுக்கணும்ல, நாலு போட்டோ எடுத்துட்டு வந்துடறேன்'னு சொல்லிட்டுத்தான் திரும்பப் போனாங்க."

சின்னவன் கூடத்தைக் கடந்து, குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டான். குழாயைத் திறந்தான். மூடினான். கொடியில் அக்காவின் துண்டு தொங்கியது. பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. காண்ட்ராக்டர்.

"விஷயம் கேள்விப்பட்டேன் தம்பி. மனசே ஆறல. ஆனா நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. வெட்டுன ஆளுங்கள வெளியூருக்கு அனுப்பி வச்சுட்டேன். யாரோ திருட்டுத்தனமா வெட்டிட்டாங்கன்னு எழுதிக் குடுத்துடுங்க. கேஸ் தானா தூங்கிடும்."

"அந்த மரத்த ஏன் அப்படியே விட்டீங்க?"

"எந்த மரம்?"

"மாட்டிக்கிட்டு நின்ன மரம்."

"அதுவா? வெட்டுன அன்னைக்குச் சாயங்காலம் மழ புடிச்சுக்கிச்சு. காலைல செயின் போட்டு இழுத்துக்கலாம்னு இருந்தாங்க."

"காலைல ஏன் இழுக்கல?"

"நீங்கதான தம்பி போன் பண்ணீங்க? அக்காவுக்கு சந்தேகம் வந்துடுச்சு, ஒரு வாரம் யாரும் அந்தப் பக்கம் போகாதீங்கன்னு."

சின்னவன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. தொடர்பு அறுந்த பிறகும் அப்படியே நின்றான். வெளியே யாரோ கதவைத் தட்டி, "தம்பி, ஸ்டேஷன்லேந்து வந்திருக்காங்க" என்றார்கள்.

எஸ்.ஐ. இளைஞர். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினார். சாவு வீட்டில் தொந்தரவு செய்வதற்கு இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டார். புகாரை அவர்களே எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். அடையாளம் தெரியாத நபர்கள், உரிமையாளருக்குத் தெரியாமல், என்று நீலப் பேனாவில் அழகான கையெழுத்து. "எடம் உங்க பேர்ல இருக்கறதால நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும் சார். மத்தத நாங்க பாத்துக்கறோம்."

"போடு மாப்ள" என்றார் அக்காவின் கணவர். அவர் கை சின்னவனின் தோளில் இருந்தது. கையெழுத்துக்காக அவனை நாற்காலியில் உட்கார வைத்ததிலிருந்து அவர் அந்தக் கையை எடுக்கவில்லை. "எவனா இருந்தாலும் விடக்கூடாது. கண்டவன் கோடாலிக்கு அவ போயிட்டாளே மாப்ள. நீ எப்படிக் காப்பாத்தி வச்சிருந்த எடம். அவ எல்லார்கிட்டயும் சொல்லுவா, ஊரே வெட்டுனாலும் என் தம்பி வெட்டமாட்டான்னு."

அக்காவிடம் வேலை பார்க்கும் பெண் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தாள்.

சின்னவன் பேனாவை வாங்கினான். காகிதத்தைத் தொடையில் வைத்துக்கொண்டான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எஸ்.ஐ. பென்சிலால் சிறிய பெருக்கல் குறி போட்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறையில் யாரோ டம்ளர்களை அடுக்கும் சத்தம் கேட்டது. குளிர்பெட்டியின் மோட்டார் நின்று, ஒரு நொடி கழித்து மறுபடி ஓட ஆரம்பித்தது. பேரிங் தேய்ந்திருக்கிறது, இன்னும் பத்து நாள் தாங்காது என்று அவன் மனம் தன் பாட்டுக்கு நினைத்தது.

"தெரியாம இல்ல சார்" என்றான்.

"என்ன சார்?"

"இதுல தெரியாமன்னு போட்டிருக்கீங்க. அத அடிச்சுடுங்க." அவனுக்கே தன் குரல் வேறு யாரோ பேசுவது போலிருந்தது. "நான்தான் வெட்டச் சொன்னேன். அக்கா கேட்டப்ப இல்லன்னு சொன்னேன். அந்த மரத்த அப்படியே விட்டுட்டுப் போகச் சொன்னதும் நான்தான்."

எஸ்.ஐ. தொப்பியை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். வராந்தாவில் டிரைவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

சின்னவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தோளில் கனம் குறைவது தெரிந்தது. முதலில் விரல்கள், பிறகு உள்ளங்கை. எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் சற்று நேரம் அந்தரத்திலேயே வைத்திருந்தார். பிறகு அதைப் பெட்டியின் கண்ணாடி மேல் வைத்தார்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. அக்காவின் ஆபீசிலிருந்து ஒரு பெரியவர், மாடி ஏறிய களைப்பில் மூச்சு வாங்கியபடி உள்ளே வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, யாரிடம் துக்கம் கேட்பதென்று தெரியாமல், "கூடப் பிறந்த தம்பி ஒருத்தர் இருக்காருன்னு சொல்லுவாங்களே, யாருங்க அவர்?" என்றார்.

யாரும் கையைக் காட்டவில்லை.