குழலுக்குள் பார்த்தவள்

பெட்டிக்காரர் என்றால்தான் படப்பிடிப்பில் எல்லோருக்கும் தெரியும். துப்பாக்கிகள் இருக்கும் இரும்புப் பெட்டி எப்போதும் அவர் காலடியில் கிடக்கும். சாவி வைத்திருப்பவன் பெட்டியை விட்டு நகரக் கூடாது என்பது அவருடைய அப்பா போட்ட சட்டம். அப்பாவுக்குப் பின் அண்ணன் அந்தச் சாவியை வைத்திருந்தார். அண்ணனுக்கு முழங்கால் போனபின் இவர். ஐம்பத்திரண்டு வருடங்களில் அந்தப் பெட்டியிலிருந்து போன துப்பாக்கியால் யார் மேலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அந்தப் பெயருக்காகவே அவர் நிமிர்ந்து நடப்பார்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கூடாரத்துக்குப் போய்விடுவார்கள். அவருடைய தட்டு மட்டும் யார் கையிலாவது வந்து சேரும், வரும்போது ஆறியிருக்கும். "பேசாம அந்தப் பெட்டிக்கே தாலி கட்டியிருக்கலாமே?" என்று மனைவி உயிரோடிருந்தபோது கேட்பாள். இப்போது அப்படிக் கேலி செய்யவும் வீட்டில் ஆளில்லை.

அப்பா போட்ட சட்டம் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டி, குழலின் பின்பக்கம் டார்ச் அடிக்க வேண்டும். அடித்துக்கொண்டு, "பாத்துக்கோங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். துப்பாக்கிக்கு எதிரே நிற்கப் போகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து குழலுக்குள் பார்க்க வேண்டும். வெளிச்சம் முழு வட்டமாகத் தெரிந்தால்தான் தோட்டா போடலாம்.

முன்பெல்லாம் பார்த்தார்கள். வருடங்கள் போகப் போக அது நின்றுபோனது. "உங்க வீட்டுத் துப்பாக்கிய நாங்க பாக்கணுமா மாஸ்டர்? அப்புறம் இன்னைக்குச் சூரியன் கிழக்கதான் வந்துச்சான்னும் போய்ப் பாக்கணும்" என்று கேமராமேன் தோளைத் தட்டிவிட்டுப் போவார். பெட்டிக்காரர் அவரைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அந்தப் பேச்சு உள்ளுக்குள் இனித்தது.

அன்று நகைக்கடைக் கொள்ளைக் காட்சி. காலையில் வில்லன் நடிகர் தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் போடுவதையும், துப்பாக்கி விசையை அழுத்துவதையும் கேமரா அருகில் வைத்து எடுத்தார்கள். அதற்குப் போலித் தோட்டாக்கள். பார்க்க அசல் மாதிரி ஈயத் தலை இருக்கும், மருந்து இருக்காது. முடிந்ததும் பெட்டிக்காரர் ஆறையும் மரக்கட்டைக் குழிகளில் தலைகீழாகச் செருகினார். ஆறு பின்பக்கங்களை எண்ணினார். சரியாக இருந்தது.

மதியம் சுடும் காட்சி. அதற்கு வெற்றுத் தோட்டா. மருந்து இருக்கும், தலை இருக்காது. அவர் துப்பாக்கியைத் திறந்து, டார்ச்சை அடித்து, வழக்கமான குரலில் சொன்னார்: "பாத்துக்கோங்க."

யாரும் வரவில்லை. ஒருவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தார், ஒருவர் போனில் இருந்தார். கல்லாவில் நிற்கும் வேடத்துக்கு அன்றுதான் வந்திருந்த பெண் மட்டும் மேடையிலிருந்து இறங்கி வந்தாள். இரண்டு வரி வசனம் அவளுக்கு. அதைச் சொன்னதும் சுடப்பட்டு விழ வேண்டும். அவள் குனிந்து பார்த்தாள். தலையைச் சாய்த்து இன்னொரு முறை பார்த்தாள்.

"சார், வெளிச்சம் தெரியல. உள்ள ஏதோ இருக்கு."

கேமராமேன் சிரித்துவிட்டார். "ஏம்மா, யாருகிட்ட என்ன பேசுற? அவங்க அப்பா காலத்துலேர்ந்து இந்த வேலை பாக்குறாங்க."

"வெயில் போய்க்கிட்டிருக்கு" என்று கத்தினார் இயக்குநர். "மேனேஜர்! பயமா இருந்தா அந்தப் பொண்ண வீட்டுக்கு அனுப்புங்க. வேற ஆள நிறுத்துங்க."

பெண்ணின் முகம் சிறுத்துப் போனது. "இல்ல சார், பயமெல்லாம் இல்ல, நான் சும்மா…" என்று பின்வாங்கினாள்.

பெட்டிக்காரர் குழலைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். முழு இருட்டு.

போலித் தோட்டா ஒன்றின் தலை கழன்று குழலுக்குள் நழுவி நின்றிருக்கிறது. மரக்கட்டையில் பின்பக்கத்தை எண்ணியவர், தலைகள் இருந்தனவா என்று பார்க்கவில்லை. இதற்குப் பின்னால் வெற்றுத் தோட்டாவைப் போட்டுச் சுட்டிருந்தால் அது வெற்றுத் தோட்டாவாக இருந்திருக்காது. பத்தடி தூரத்தில் இந்தப் பெண் நின்றிருப்பாள்.

அவர் நினைத்தால் கூடாரத்தின் பின்னால் போய் ஒரு கம்பியால் குத்தி அதைத் தள்ளிவிடலாம். எண்ணெய்ப் பிசுக்கு என்று சொல்லிவிடலாம். எல்லோரும் நம்புவார்கள். அவள் சொன்னதை யாரும் நம்பவில்லையே. ஐம்பத்திரண்டு வருடம் அப்படியே இருக்கும். அவள் மட்டும் வம்புக்காரி என்று பேர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

"அந்தப் பொண்ணு சொன்னது சரி" என்றார் பெட்டிக்காரர்.

பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாத்துக்கோங்க" என்று கூப்பிடும் அதே குரலில் மறுபடி சொன்னார்: "எல்லாரும் கேட்டுக்கோங்க. குழல்ல ஈயம் இருக்கு. நான் டார்ச் மட்டும் அடிச்சேன், பாக்கல. இது என் தப்பு. பாக்காம விட்டிருந்தா இந்தப் பொண்ணு செத்திருக்கும்."

போனில் இருந்தவர் போனை இறக்கினார். இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைய படப்பிடிப்பு அத்தோடு நின்றது. பெட்டிக்காரர் துப்பாக்கியைத் தனிப்பையில் போட்டு முத்திரை வைத்தார். பதிவேட்டில் நடந்ததைத் தன் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டார். அப்பாவின் கையெழுத்தில் தொடங்கிய பதிவேடு அது. குற்றம் என்ற சொல் அதில் அன்றுதான் ஏறியது.

வேனில் ஏறி அண்ணனைப் போனில் கூப்பிட்டார்.

அண்ணன் முழுவதும் கேட்டார். பிறகு, "யார் பாத்தா?" என்றார்.

"ஒரு புதுப் பொண்ணு."

"அவ சொன்னா யாருடா நம்பப் போறாங்க?"

"யாரும் நம்பலண்ணே. அதான் நான் சொன்னேன்."

"அப்பா பேருடா அது" என்றார் அண்ணன். "சுமந்துக்கிட்டு வந்து உன் கையில குடுத்தேன். நடுரோட்டுல போட்டு உடைச்சிட்ட."

"அப்பா பாக்கச் சொன்னாருண்ணே. நான் பாக்கல."

போன் துண்டிக்கப்பட்டது.

வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜரிடம் சாவியை நீட்டினார். "எங்க போய்த் தேடுறது மாஸ்டர்? நீங்களே இருங்க" என்றார் மேனேஜர், அவர் முகத்தைப் பார்க்காமல். முன்பு இதே மேனேஜர் பெட்டிக்காரரிடம் பேசும்போது கைகளைக் கட்டிக்கொள்வார்.

மறுநாள் காலை வேறொரு துப்பாக்கியை எடுத்தார். டார்ச்சை அடித்து முதலில் தானே பார்த்தார். பிறகு குரல் கொடுத்தார்.

வந்தார்கள். வில்லன் நடிகர், கேமராமேன், அவருடைய உதவியாளர்கள், விளக்குப் பிடிப்பவர், கடைசியில் அந்தப் பெண். வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். ஒருவரும் கேலி பேசவில்லை, தோளைத் தட்டவில்லை. குனிந்து நிமிர்ந்த ஒவ்வொரு தலையும் அவர் முகத்தில் அறைந்தது போலிருந்தது. அவர் டார்ச் பிடித்த கையை அசைக்கவில்லை.

முதல் டேக் சரியாக வரவில்லை. பெட்டிக்காரர் துப்பாக்கியை வாங்கித் திறந்து, சுட்டு முடிந்த தோட்டாக் கூட்டை எடுத்தார். குரல் கொடுக்கும் முன்பே கேமராமேன் வந்து நின்றார்.

"இப்பதானே பாத்தீங்க?"

"அது போன டேக்குக்கு" என்றார் கேமராமேன்.

பெட்டிக்காரர் தான் ஒருமுறை பார்த்துவிட்டு, குழலை அவர் பக்கம் திருப்பினார்.