கதவில்லாத வாசல்

புருசனும் பெண்டாட்டியும் சேர்ந்து வீடு கட்டினால் சுவர் எழும்புகிறதோ இல்லையோ, சண்டை எழும்பிவிடும். சண்முகத்தாய்க்கும் முனியராஜுக்கும் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய அன்றே எழும்பிவிட்டது. கட்டப்போவது ஒற்றை அறை. அதற்கு நாலு பக்கமும் வாசல் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான் அவன்.

"வீடு கட்டுறீகளா, மருந்து ரூம் கட்டுறீகளா?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமை நாலு பக்கமும் வாசல் வைத்துத்தான் கட்டுவார்கள். தீப்பொறி பட்டால் எந்தப் பக்கமும் ஓடலாம். நாரணாபுரம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் ஆடி மாதம் அப்படி ஓடித்தான் முனியராஜ் பிழைத்தான். கூட வேலை பார்த்த முருகம்மாள் பிழைக்கவில்லை. அவள் தடுக்கி விழுந்துவிட்டாள் என்று ஊரில் பேச்சு. அவன் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. முதுகும் இரண்டு கைகளும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவன், பழைய குடிசைக்குள் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. குனிந்து நுழைகிற ஒற்றை வாசல் அதற்கு. வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டான்.

ஐப்பசி நெருங்க நெருங்க சண்முகத்தாய் மேகத்தை அண்ணாந்து அண்ணாந்து பார்த்தாள். புண் நனைந்து சீழ் பிடித்தால் கையே போய்விடும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். மழை விழுவதற்குள் இந்த மனுசனைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். இருக்கன்குடி மாரியம்மனிடம் அவள் கேட்டதும் அது ஒன்றைத்தான்.

நாலு வாசலைப் பேசிப் பேசி இரண்டாக்கினாள். கொத்தனார் வைக்கக் கட்டுப்படியாகாது. அவள் மண் குழைத்தாள், கல் சுமந்தாள், அடுக்கினாள். அவன் கட்டுப் போட்ட கையோடு பின்னால் நின்று, "எடது பக்கம் கோணுது புள்ள" என்று மேஸ்திரி உத்தியோகம் பார்த்தான். "நீங்க கழுத்தக் கோணாம பாருங்க, சுவரு நேராத்தான் இருக்கு" என்றாள் அவள். சுவர் கோணல்தான். அது அவளுக்கும் தெரியும்.

விருதுநகரில் ஒரு பழைய வீட்டை இடித்த இடத்தில் மலிவாக ஒரு கதவு அகப்பட்டது. அது முன்வாசலுக்கு ஆயிற்று. பின்வாசல் வெறும் திறப்பாக நின்றது.

"சமைஞ்ச புள்ளய வச்சுக்கிட்டு வீட்டத் தொறந்து போட்டா எப்பிடிங்க?" என்றாள். மகள் ரோஜா அந்தச் சித்திரையில்தான் பெரியவளாகியிருந்தாள்.

"தை மாசம் கதவு பாப்போம்" என்றான் முனியராஜ்.

பின்வாசலுக்கு வெளியே, குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் மிளகாய் நாற்று நட்டார்கள். சுற்றிலும் முள்ளை வெட்டி அடைத்துவிட்டு, ஓரத்தில் சுரை விதை ஊன்றினாள். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்நுனிகளால் நாலு நாற்றை அவனும் நட்டான். நட்டுவிட்டுச் சிரித்தான். ஆடி மாதத்துக்கு அப்புறம் அவன் பல்லை அவள் பார்த்தது அன்றைக்குத்தான். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

கூரைக்குச் சிமெண்டு ஷீட் போட்டாயிற்று. மறுநாள் காலையில் அவன் கட்டு மாற்ற சிவகாசிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தெரு ஆடு ஒன்று மகாராணி கணக்காக முன்வாசலில் நுழைந்து, அறையைக் கடந்து, பின்வாசல் வழியாகப் போய் மிளகாய் நாற்றில் பாதியை மேய்ந்துவிட்டது. சண்முகத்தாய்க்கு வந்ததே ஆத்திரம். ஆட்டை விரட்டினாள், ஆட்டுக்காரியின் வம்சத்தையே வைதாள். மிச்சம் கிடந்த கற்களை அள்ளிக்கொண்டு வந்து பின்வாசலில் நெஞ்சுயரத்துக்கு அடுக்கினாள். ஆட்டுக்கும் ஆச்சு, சாரலுக்கும் ஆச்சு, பிள்ளைக்கும் ஒரு மறைப்பு ஆச்சு என்று திருப்தியாகக் கையைத் தட்டிக்கொண்டாள்.

முனியராஜ் வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் மழை பிடித்தது.

"உள்ள வாங்க, கட்டு நனையுது!"

அவன் எழுந்தான். தயங்கினான். பிறகு வந்தே விட்டான். கூரைக்குக் கீழே, பாயில், சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ரோஜா துண்டை எடுத்துக் கொடுத்தாள். மாரியாத்தா, நீ கண் திறந்துட்ட என்று சண்முகத்தாய் அடுப்பைப் பார்த்துத் திரும்பினாள்.

பின்னால் கல் விழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், அவன் பின்வாசலில் நின்று அடுக்கைப் பிடுங்கி வெளியே வீசிக்கொண்டிருந்தான். கல் விழுந்து சுரைக்கொடி நசுங்கியது. கையில் போட்டிருந்த புதுக்கட்டு ரத்தத்தில் ஊறியது.

"எவ அடுக்குனது இத?"

"நாந்தான். ஆடு வருதுன்னு வச்சேன். கையப் பாருங்க, விடுங்க!"

அவன் விடவில்லை. மூச்சு வாங்கியது. அவளைப் பார்க்காமல் கல்லைப் பார்த்தே பேசினான்.

"முருகம்மாக்கா பக்கத்து வாசல்லயும் இப்பிடித்தான் பெட்டிய அடுக்கி வச்சிருந்தாக. சீசன், பெரிய ஆர்டர், வைக்க எடமில்லன்னு. நான் இந்தப் பக்கம் வெளிய பாஞ்சுட்டேன். அக்கா அந்தப் பக்கம் ஓடிருச்சு. பெட்டியத் தள்ளிக்கிட்டே எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டுச்சு புள்ள. எனக்குக் கேட்டுச்சு."

அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. ரோஜா போய் இறக்கினாள். இத்தனை நாளும் இந்த மனுசன் வேப்பமரத்தடியில் என்னத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தானோ, தான் என்னடாவென்றால் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு இருந்தோமே என்று சண்முகத்தாய்க்கு உறைத்தது. அவனைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, மிச்சக் கற்களை அவளே தூக்கி வெளியே போட்டாள். கடைசிக் கல்லையும் போட்டபிறகுதான் அவன் உட்கார்ந்தான்.

கட்டை அவிழ்த்து, கிழிசலில்லாத வேட்டித்துணியைச் சுற்றிவிட்டாள். பொழுது அடைவதற்குள், தலையைத் திறப்பின் பக்கம் வைத்து ஒருக்களித்துப் படுத்தான். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. கூரைக்குக் கீழே அவன் தூங்குகிறான். அவள் கேட்டது கிடைத்துவிட்டது.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. முன்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். ரோஜா சுவரோரம் சுருண்டுகொண்டு, அந்தத் திறப்பைப் பார்த்துக் கேட்டாள்.

"எம்மா, தை மாசம் வரைக்கும் இப்பிடியேதான் கெடக்குமா?"

"நீ தூங்கு. நான் இருக்கேன்ல."

காலையில் ஏழு மணி பஸ்ஸுக்கு அவள் தீப்பெட்டிக் கம்பெனி வேலைக்குப் போயாக வேண்டும். முந்தானையை உதறிவிட்டு பின்வாசலுக்குக் குறுக்கே தலையைச் சாய்த்தாள். சாய்த்த வேகத்தில் விருட்டென்று எழுந்தாள். படுத்தால் வழி மறிக்குமே. ஒரு ஓரமாக நகர்ந்து, சாரல் முதுகில் அடிக்க, கண்ணை விழித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.