நியூட்ரல்

என் வீட்டுக்காரர் காரில் ஏறியதும் முதலில் கியரை இடமும் வலமுமாக ஆட்டிப் பார்ப்பார். நியூட்ரல்தான் என்று உறுதியான பிறகே கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்புவார். இஞ்சின் கத்தி ஓயும்வரை நகர மாட்டார். நகர்ந்தாலும் பாதி வழிவரை உருட்டல்தான்.

"ஆயில் இப்பதான் மேல ஏறுது. அதுக்குள்ள மிதிச்சா உள்ளெல்லாம் தேஞ்சிடும். கொஞ்சம் பொறு."

"இந்தக் காருக்கு இருக்கிற மரியாதை கட்டின பொண்டாட்டிக்கு இல்லையே!" என்று பொரிந்து தள்ளுவேன். எந்தக் கல்யாணத்துக்கும் நாங்கள் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறோம். பின்சீட்டில் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அது ஒரு காலம். நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது.

போன வருஷத்திலிருந்து அவருக்கு மறதி. வண்டியே ஓட்டக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். மகளும் ஃபோனில் ஒரே நச்சரிப்பு. "சாவிய வாங்கி வச்சிடும்மா. யார் மேலயாவது ஏத்திட்டா?"

எப்படி வாங்குவது? சில நாள் என் பெயரே வராத மனுஷனுக்குக் கார் கிளப்புவது மட்டும் பிசகவில்லை. அவரிடம் மிச்சமிருந்ததே அதுதான். கூட நான் இருக்கிறேனே என்று கடைத்தெருவரை விட்டுவைத்தேன்.

இன்று காலை நான் காருக்கு முன்னால் நின்று கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஏறினார். கியரை ஆட்டவில்லை, கிளட்சையும் மிதிக்கவில்லை, சாவியைத் திருப்பிவிட்டார். கியரில் கிடந்த வண்டி ஒரே குதியாகக் குதித்து என் முழங்காலில் இடித்து நின்றது.

பதறி இறங்கி ஓடிவந்தார். "ஐயோ, அடி பட்டுச்சா? கால காட்டு."

"ஒண்ணுமில்லீங்க. லேசா உரசினதுதான்."

அவர் சாவியை உருவி வந்து என் கையில் வைத்து அழுத்தினார். "இனிமே இத எங்கிட்ட குடுக்காத. நானே கேட்டாலும் குடுக்காத."

எத்தனை மாதமாகக் கேட்க முடியாமல் தவித்த சாவி! கைக்கு வந்தபோது அவர் முகத்தைப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். முகத்தில் காலையில் நடந்த எதுவுமே இல்லை. "சாவி எங்க? கிளம்பு, கடைக்குப் போகலாம்."

"தர மாட்டேங்க."

"ஏன்? நான் என்ன பண்ணேன்?"

முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். திட்டு வாங்கிய பிள்ளைபோல் அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கொடுக்கவில்லை.