மூன்றாவது கட்டி

எங்கள் பட்டறையில் கருங்கல்லைத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறோம். தேய்த்த தூள் இருபது வருடமாகப் பின்பக்கம் குவிந்து மலையாகிவிட்டது. காற்றடித்தால் தெருவே பவுடர் பூசிக்கொள்ளும். ஒரு கறுப்பு நாய் வெளுத்துப்போய், அதன் குட்டிகளே அதைப் பார்த்துக் குரைத்தன. நானே பார்த்தேன்.

'முப்பது நாளில் குவியலுக்கு வழி செய். இல்லாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு' என்று ஆய்வாளர் நோட்டீஸ் ஒட்டினார்.

என் மகளின் கணவர் கட்டட வேலை தெரிந்தவர். "கான்கிரீட்ல போடுற சிமெண்ட்ல பத்துல ஒரு பங்கைக் குறைச்சு, இந்தத் தூளைப் போடலாம் மாமா. சோதனையில தேறினா லாரி லாரியா அள்ளிட்டுப் போவாங்க" என்றார். மறுநாளே மூன்று கட்டிகள் வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டார்.

கெடுவின் கடைசி நாள் காலை மாப்பிள்ளை குளிக்கப் போயிருந்தார். சோதனைக்கு எடுத்து வைக்கும்போது மூன்றாவது கட்டி என் கையிலிருந்து நழுவி மூலை உடைந்தது. கல் அறுக்கும் என் மனைவியின் தம்பி, "முழிக்காதீங்க அத்தான். அவர் சோப்பு போட்டு முடிக்கிறதுக்குள்ள ஒண்ணு ரெடி" என்றான். அதே அளவில் கருங்கல்லை அறுத்து, மேலே சிமெண்ட் பால் பூசி, 3 என்று எழுதினான்.

சோதனைக் கூடத்தில் பலம் பார்க்கும் இயந்திரம் முதல் கட்டியை அழுத்தி, முள் இருபத்தொன்பதைத் தொட்டபோது நொறுக்கியது. இரண்டாவதை முப்பதில்.

"இருபத்தஞ்சே போதும்" என்று ஆய்வாளர் சிரித்தார்.

மூன்றாவதை வைத்தார்கள். ஐம்பது. எழுபது. இயந்திரம் முனகியது. மேசையிலிருந்த டீ கிளாஸ் தானாக நடந்துபோய்க் கீழே விழுந்தது. முள் கடைசி எண்ணைத் தாண்டி முட்டி நின்றது.

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. ஆய்வாளர் வாய் மூடவில்லை. "என்னய்யா கலந்தீங்க?"

"பத்துல ஒரு பங்குதான் சார்..." என்றார் மாப்பிள்ளை.

பாராட்டு கைமாறிப் போவதை மைத்துனனால் பொறுக்க முடியவில்லை. "அது நான் செஞ்சது சார். சுத்தமான கருங்கல்லு!"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"மூணும் கிட்டத்தட்ட ஒரே பலத்துல இருக்கணும். ஒண்ணு எகிறினா மூணும் செல்லாது. மறுபடி வார்த்து, இருபத்தெட்டு நாள் கழிச்சு வாங்க" என்றார் ஆய்வாளர்.

"பட்டறை சார்?" என்றேன்.

"அதுவரைக்கும் பூட்டுதான்."

கான்கிரீட் உடையாத குற்றத்துக்காக மூடப்பட்ட பட்டறை உலகத்திலேயே எங்களுடையதுதான்.

சாயங்காலம் ஆய்வாளர் பூட்டோடு வந்தார். புதிதாக மூன்று கட்டிகள் வார்த்துவிட்டு வர அரை மணி நேரம் வேண்டும் என்று மாப்பிள்ளை கெஞ்சினார். ஆய்வாளர் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: நானும் மைத்துனனும் தெருவில் நிற்க வேண்டும்.