பங்காளி முழங்கால்

மூத்தவளின் வலது முழங்காலில் வந்தது சின்னவளுடைய வலி. சின்னவளுக்கு வந்தது மூத்தவளுடையது. ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, ஒரே தையல் கடையில் ஆளுக்கொரு மெஷினை மிதித்து, ஒரே நாளில் ஒரே டாக்டரிடம் மூட்டு மாற்றிக்கொண்ட ஓரகத்திகளுக்கு இப்படி ஆனதில் தெருவில் யாருக்கும் பெரிய ஆச்சரியமில்லை.

ஆனால் விஷயம் வெளிப்பட நாளாயிற்று. பயிற்சி கொடுக்கும் அம்மா வந்து சின்னவளின் காலை மடக்குவார். அவள் பாட்டுக்குச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பாள். பக்கத்துக் கட்டிலில் மூத்தவள் ஊரைக் கூட்டுவாள். “தொடுறதுக்கு முன்னாடியே உயிர் போகுதே, என் பக்கமே வராதீங்க!” மடக்காத மூட்டு இறுகி, கால் கட்டையாக நீட்டிக்கொண்டது. சின்னவளோ ஜம்மென்று நடந்து கடைக்குப் போனாள். போனவள் தன் இடத்திலா உட்கார்ந்தாள்? ஜன்னலோரம், நல்ல வெளிச்சத்தில், மூத்தவளின் மெஷினில்! மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. “என் மெஷின்ல உக்காந்து, என்கிட்ட வர்றவங்களுக்கே தைக்கிறா மகராசி,” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பொருமினாள்.

ஒருநாள் பொறாமை தாங்காமல், எதிரே இருந்த தங்கள் கடையில் சின்னவளிடம் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்க்கப் போய், கால் வழுக்கி முழங்கால் மடங்கிவிட்டது. மூத்தவளுக்கு எறும்பு கடித்த அளவுகூட வலிக்கவில்லை. கடைக்குள்ளிருந்து, “ஐயோ அக்கா, என் காலு!” என்ற அலறல் வந்தது. மூத்தவள் முகத்தில் அத்தனை மாதங்களுக்குப் பிறகு சிரிப்பு வந்தது. அன்றே பயிற்சி அம்மாவுக்கு ஆளனுப்பினாள். “நல்லா மடக்குங்கம்மா, தாராளமா மடக்குங்க!” சின்னவள் கத்தக் கத்த, மூத்தவளின் காலை அவர் மடக்கினார். வஞ்சம் தீர்க்கப் போனவளுக்குக் கால் திரும்பக் கிடைத்தது. நேரே போய் ஜன்னலோர மெஷினில் உட்கார்ந்தாள்.

வருஷங்கள் ஓடின. சின்னவளின் மூட்டு தளர்ந்து ஆட ஆரம்பித்தது, மறுபடி ஆபரேஷன். பக்கத்துக் கட்டில் மூத்தவளுக்கு. பார்க்க வந்தவர்களெல்லாம் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு, “பாவம், எவ்வளவு வலிச்சுதோ,” என்றார்கள். மூத்தவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. “வலி இங்க, பாவம் அங்கயா?”

காலை மடக்கும் நாள் வந்தது. சின்னவள் மெல்லக் கேட்டாள். “அக்கா, ஜன்னலோர மெஷினை எனக்கு விட்டுடேன். மெதுவா மடக்கிக்கிறேன்.”

மூத்தவள் தலையணையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“வேகமாவே மடக்குடி.”

ஊசி போட வந்த நர்ஸ், யாரையும் கேட்காமல், மூத்தவளின் கட்டிலுக்குப் போனார்.