அசையாத நூல்கள்

மோஹாவி பாலைவனத்தில் காற்று எழுவதற்கு முன்பே எழுந்துகொள்ள முடியாதவர்கள் சோதனை விமானத் தொழிலுக்கு வரக்கூடாது. மார்லிஸ் அன்று காற்றை முந்திக்கொண்டாள். இறக்கை உடலோடு சேரும் மூட்டுக்கு அவள் வடிவமைத்த புது மூடிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அங்கே இன்றும் காற்று சுழன்றால், முதலாளி அதைக் கழற்றிவிட்டுப் பழையதையே மாட்டச் சொல்லிவிடுவார்.

காற்றைப் பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சிவப்புக் கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை டேப்பால் இறக்கையில் ஒட்ட வேண்டும். காற்று ஒழுங்காகப் போனால் நூல் சமர்த்தாகப் படுத்திருக்கும். சுழன்றால் பேயாட்டம் ஆடும். முந்தின நாள் அந்த வேலையை, பயணிகள் விமானக் கம்பெனியிலிருந்து புதிதாக வந்திருந்த மெக்கானிக் ஆரினிடம் விட்டிருந்தாள்.

கஸ் ஓட்டிய சோதனை விமானத்துக்குப் பக்கத்திலேயே துணை விமானத்தில் பறந்தபடி கேமராவில் பார்த்தாள். மூட்டில் ஒரு நூல்கூட அசையவில்லை.

"கஸ்! எல்லாம் படுத்திருக்கு! என் மூடியா கொக்கா!" என்று ரேடியோவில் கத்தினாள்.

கஸ் வேகத்தைக் குறைத்து மூக்கைத் தூக்கினார். இறக்கைமேல் காற்று சுழன்று பிடிப்பு போக, விமானம் கிடுகிடுவென்று ஆடியது.

"எனக்குப் பல்லெல்லாம் ஆடுது. உன் நூலு?"

"இறக்கை முழுக்க... அசையவே இல்ல."

"தூக்க மாத்திரை ஏதும் குடுத்தியாம்மா?"

மார்லிஸ் உடனே இறங்கச் சொன்னாள்.

கீழே ஆரின் பெருமையோடு நின்றிருந்தான். ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு முனையிலும் டேப்.

"ஒரு பக்கத்தைத் தொங்க விட்டா நல்லாவா இருக்கும் மேடம்? எங்க பழைய கம்பெனியில ஒரு நூல் தொங்கினாலும் சீட்டுக் கிழிஞ்சிடும்."

திட்ட வாயெடுத்தவள் மூடிக்கொண்டாள். 'ஒண்ணுகூடப் பறக்கக் கூடாது' என்று நேற்று அவனிடம் சொன்னது அவள்தான். கிளம்புமுன் எட்டிப் பார்க்காததும் அவள்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. மூன்று பேருமாக உட்கார்ந்து பின்முனை டேப்புகளைப் பிய்த்தார்கள்.

காற்று எழுவதற்குள் மறுபடி பறந்தார்கள். விமானம் குலுங்கியபோது இறக்கையின் நூல்களெல்லாம் திருவிழாக் கூத்துப் போட்டன. மூட்டில் இருந்தவை மட்டும் வால் லேசாக நடுங்க, படுத்தே கிடந்தன. மார்லிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்? மூடி புட்டுக்கிச்சா?" என்றார் கஸ்.

"நல்லா இருக்கு கஸ்."

"அப்போ கத்த வேண்டியதுதானே?"

"மொதல்ல கீழ இறங்குங்க. நூலைத் தொட்டுப் பாத்துட்டுக் கத்துறேன்."